எல்டிஓ-வைத் தமிழில் எப்படிச் சொல்வது? (வெள்ளிக்குள் வேண்டும்)

நெசவு எழுதியது:

அனைவருக்கும் வணக்கம்.

சி மொழியில் எழுதிய பைத்தான் இயக்கியான சிபைத்தானை மூலநிரலிலிருந்து கட்டும்போது எல்டிஓ-வால் (லிங்க்-டைம் ஆப்டிமைசேஷன்) வரும் சிக்கல்களை எப்படிக் கண்டுபிடித்துத் தீர்ப்பது என்று சொல்லும் கையேடு ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கான பயிலரங்கில் அச்சிட்டுக் கொடுக்கப்போகிறார்கள். வெள்ளி மாலைக்குள் அச்சகத்துக்குப் போயாக வேண்டும். உள்ளே உள்ளதெல்லாம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. தலைப்பில்தான் நிற்கிறேன்.

இணைப்பி (லிங்கர்), தொகுப்பி (கம்பைலர்), உகப்பாக்கம் (ஆப்டிமைசேஷன்) எல்லாம் ஏற்கெனவே புழங்குகிற சொற்கள் என்பதால் "இணைப்புநேர உகப்பாக்கம்" என்று எழுதி, வரைவைக் கரும்பலகை ஐயாவிடம் கொடுத்தேன். அவர் வகுப்பில் படிக்கக் கொடுத்தார். மாணவர்களில் பலர் அதை "இணைப்பு நேரத்தைக் குறைக்கிற வழி" என்று புரிந்துகொண்டார்கள். நடப்பது நேர் எதிர். வழக்கமான முறையில் தொகுப்பி ஒவ்வொரு சி கோப்பையும் தனித்தனியாகப் படித்து எந்திர மொழியாக்கி ஓ-கோப்பில் வைத்துவிடும். இணைப்பி வந்து அவற்றை அடுக்கி, முகவரிகளை நிரப்பிவிட்டுப் போய்விடும். எல்டிஓ-வைப் போட்டால் ஓ-கோப்புக்குள் இடைநிலை வடிவம் போகிறது. தொகுப்பி ஜிசிசி என்றால் அந்த வடிவம் ஜிம்பிள், கிளாங் என்றால் எல்எல்விஎம் பிட்கோட். இணைக்கும்போது தொகுப்பியை மறுபடி கூப்பிட்டு, எல்லாக் கோப்புகளையும் சேர்த்துப் பார்க்கவைத்து, அப்போதுதான் பெரிய வேலைகள் நடக்கின்றன. அதனால் இணைப்புக்கு ஆகும் நேரமும் கூடும், நினைவகமும் கூடும்.

எனக்கு வேண்டியது தலைப்பிலும் நிற்கிற, உருபும் ஏற்கிற ஒரு பெயர். இந்த வாக்கியங்களில் வைத்துப் பாருங்கள்:

"சிக்கல் வந்தால் முதலில் ______ இல்லாமல் கட்டிப் பாருங்கள்."
"______ போட்டுக் கட்டிய ஓ-கோப்பை வேறு பதிப்பு ஜிசிசி படிக்காது."

---

பொதி எழுதியது:

எல்டிஓ என்றே வையுங்கள். நான் மென்பொருள் பொதி கட்டுகிறவன். பிழைச்செய்தியில் வருவதும் எல்டிஓ, கட்டளையில் தட்டுவதும் எஃப்எல்டிஓ, மாணவர் வலையில் தேடப்போவதும் எல்டிஓ. நடுவில் நாம் ஒரு பெயரை வைத்தால், அந்தப் பெயரிலிருந்து திரும்ப எல்டிஓ-வுக்கு வர அவருக்கு இன்னொரு படி கூடும்.

கையேட்டில் இது இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். நிலைநூலகமாகக் கட்டும்போது, எழுதியே இருக்கிற செயற்கூறுகளை எல்லாம் "காணவில்லை" என்று இணைப்பி வரிசையாகச் சொல்லும். நிரலில் ஒரு குறையும் இருக்காது. ஓ-கோப்புகளை நூலகமாகச் சேர்க்கும் ஏஆர் கருவிக்கு, எல்டிஓ சொருகி இல்லையென்றால், ஓ-கோப்புக்குள் இருக்கிற ஜிம்பிளைப் படிக்கத் தெரியாது, அதனால் நூலகத்தின் பெயரட்டவணை காலியாக இருக்கும். ஜிசிசி-ஏஆர், ஜிசிசி-ரான்லிப், ஜிசிசி-என்எம் என்று உறைக்கருவிகள் இதற்காகவே இருக்கின்றன. கிளாங் என்றால் எல்எல்விஎம்-ஏஆர். ஜிசிசி 4.9 வந்த 2014-க்கு முன்பு ஓ-கோப்பில் எந்திர மொழியும் ஜிம்பிளும் இரண்டுமே இயல்பாக இருந்தன, அதனால் பழைய ஏஆர் எப்படியோ ஓட்டிவிடும். இப்போது ஜிம்பிள் மட்டும் உள்ள மெலிந்த ஓ-கோப்புதான் இயல்பு.

---

புறநடை எழுதியது:

அன்புள்ள அம்மா நெசவு,

நீங்கள் விவரித்த செயலுக்கு நம் இலக்கணத்தில் ஏற்கெனவே பெயர் இருக்கிறது. புணர்ச்சி. நிலைமொழியும் வருமொழியும் தனித்தனியே முழுமையானவை. சேரும் இடத்தில் ஒன்றும் மாறாவிட்டால் இயல்பு புணர்ச்சி, மாறினால் விகாரப் புணர்ச்சி. மாற்றத்தைத் தொல்காப்பியர் மெய்பிறிதாதல், மிகுதல், குன்றல் என்பார். பவணந்தியார் தோன்றல், திரிதல், கெடுதல் என்பார். உங்கள் பழைய இணைப்பி செய்வது இயல்பு புணர்ச்சி. எல்டிஓ செய்வது விகாரப் புணர்ச்சி. இணைகிற வேளையில் புதியது தோன்றுகிறது, உள்ளது திரிகிறது, வேண்டாதது கெடுகிறது.

ஆகவே "புணர்ப்புச் செம்மை" என்பது என் பரிந்துரை. இணைப்பி என்பதையும் புணர்ப்பி என்று மாற்றிவிட்டால் முழுமையாகும்.

---

கரும்பலகை எழுதியது:

புறநடை ஐயா, ஒப்புமை மிக அழகாக இருக்கிறது. வகுப்பில் எல்டிஓ-வை விளக்க இதையே எடுத்துக்கொள்வேன். ஆனால் பெயராக வைக்க முடியாது. இன்றைய பேச்சில் அந்தச் சொல்லுக்கு ஒரு பொருள்தான் முன்னால் வருகிறது. பத்தொன்பது வயதுப் பிள்ளைகள் அறுபது பேர் இருக்கிற அறையில் ஆண், பெண் இருவரும் கூச்சமில்லாமல் கைதூக்கிக் கேள்வி கேட்க வேண்டும். சொல்லவே தயங்குகிற பெயர் என்றால் சந்தேகத்தைக் கேட்காமலே போய்விடுவார்கள்.

---

கடற்காகம் எழுதியது:

நெசவு அக்கா, வணக்கம். ரொறன்ரோவில் தொகுப்பி வேலைதான் எனக்கு, அதனால் எழுதுகிறேன்.

புறநடை ஐயாவின் ஒப்புமையில் ஒரு குறை. புணர்ச்சியில் மாற்றம் சொற்கள் தொடுகிற விளிம்பில் நடக்கிறது. எல்டிஓ-வில் அப்படியில்லை. ஒரு கோப்பின் நடுவில் கிடக்கிற செயற்கூறு இன்னொரு கோப்பின் நடுவுக்குள் போய் விரிந்துவிடும்.

அடுத்தது, உகப்பாக்கம். "உகந்தது" என்றால் மிகச் சிறந்தது என்ற பொருள் வந்துவிடுகிறது. தொகுப்பி ஒருநாளும் மிகச் சிறந்ததைத் தருவதில்லை. கொஞ்சம் நல்லதாக்கப் பார்க்கிறது, சில நேரம் பழுதாக்கியும் விடுகிறது. சிபைத்தான் 3.14-க்கு வால்-அழைப்பு முறையில் (ஒரு செயற்கூறு தன் கடைசி வேலையாக அடுத்ததை அழைப்பது) ஆணைகளை ஒவ்வொன்றாக ஓட்டும் புதிய ஆணைச்சுற்று எழுதினபோது 9 முதல் 15 விழுக்காடு வேகம் கூடினதாக முதலில் அளந்தார்கள். கிளாங் 19-இல் இருந்த ஒரு வழு பழைய சுற்றை மெதுவாக்கி வைத்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அதைக் கழித்துப் பார்த்தால் கிடைத்தது 3 முதல் 5 விழுக்காடு. அந்த வழுவும் உகப்பாக்கக் கட்டத்தில்தான் இருந்தது. அதைப் போய் உகந்தது என்று எப்படிச் சொல்வது?

மொழி இயக்கச்சூழல்களில் எல்டிஓ கொண்டுவரும் பெரிய சிக்கல், பயன்படாத நினைவகத்தை விடுவிக்கும் குப்பை சேகரிப்பில் வரும். ரூபியை எடுத்துக்கொள்ளுங்கள். எந்தப் பொருள் உயிரோடு இருக்கிறது என்று அறிய அதன் சேகரிப்பி சி அடுக்கையே ஊகமாகத் துழாவும். நிரலர் ஒரு சரத்தின் உள்முகவரியை மட்டும் எடுத்துக்கொண்டு, சரத்தை அதன்பிறகு தொடவில்லை என்றால், தொகுப்பி சரத்தின் சுட்டியை அடுக்கிலிருந்து தூக்கிவிடலாம். சேகரிப்பிக்கு அது தெரியாது, சரத்தை விடுவித்துவிடும். கைக்காவலாக ஆர்பி-ஜிசி-கார்டு என்ற மேக்ரோவை ரூபி வைத்திருக்கிறது. அதைப் போட மறந்த இடங்கள் எல்டிஓ இல்லாதபோது பெரும்பாலும் தப்பிவிடும். கோப்பின் எல்லை ஒரு மதில் போல நின்றது. மற்றக் கோப்பில் உள்ள செயற்கூறு என்ன செய்யும் என்று தொகுப்பிக்குத் தெரியாததால் சுட்டியை வைத்துக்கொண்டது. எல்டிஓ அந்த மதிலை எடுத்துவிடுகிறது. ஓடிக்கொண்டிருந்த நிரல் எங்கோ சம்பந்தமில்லாத இடத்தில் விழும்.

அதனால் எல்லை போய்விட்டது என்பது பெயரிலேயே தெரிய வேண்டும் என்பது என் கருத்து. "ஒருங்கு மேம்பாடு" அல்லது "கோப்புக்கடந்த சீராக்கம்". இணைப்பி என்பதும் எனக்குத் தட்டையாகத் தெரிகிறது. எங்கள் ஊரில் வண்டியில் பெட்டியை "கொளுவுவது" என்போம். கொளுவி என்றால் ஒன்றின் கொக்கியில் மற்றது மாட்டுகிறது என்று உடனே விளங்கும்.

---

புறநடை எழுதியது:

கடற்காகம் தம்பி சொன்ன "விளிம்பு" குறித்து. பண்புப்பெயர்ப் புணர்ச்சிக்கு நன்னூல் சொல்வதைப் பாருங்கள்: "ஈறு போதல் இடையுகரம் இய்யாதல் ஆதிநீடல் அடியகரம் ஐயாதல் தன்னொற்று இரட்டல் முன்னின்ற மெய்திரிதல் இனமிகல்." பெருமை, ஊர் இரண்டும் சேர்ந்தால் பேரூர். ஈறு கெட்டதோடு நில்லாமல் முதலெழுத்தே நீண்டுவிட்டது. பசுமையும் கூழும் சேர்ந்தால் பைங்கூழ். அடியில் இருந்த அகரம் ஐ ஆகிவிட்டது. சேர்வது விளிம்பில், மாறுவது சொல்லின் தலையில். இதைவிட எல்டிஓ-வுக்கு நெருங்கிய ஒப்புமை வேறு எது?

செய்யுள் விகாரங்களையும் பாருங்கள்: வலித்தல், மெலித்தல், நீட்டல், குறுக்கல், விரித்தல், தொகுத்தல். தண்துறைவன் தண்ணந்துறைவன் ஆவது விரித்தல். அழைத்த இடத்திலேயே செயற்கூற்றின் உடலை விரிப்பதற்கு அந்தப் பெயரே போதும். மழவரை ஓட்டிய என்பது மழவரோட்டிய என்றாவது தொகுத்தல். உருபு போனாலும் பொருள் போகவில்லை. பயன்படாத நிரலை நீக்குவதும் அதுதான்.

உகப்பு பற்றி. உகந்தது என்றால் மிகச் சிறந்தது என்பது பிற்கால உணர்வு. தொல்காப்பிய உரியியல் "உகப்பே உயர்தல் உவப்பே உவகை" என்கிறது. உகப்பு என்றால் உயர்தல். உகப்பாக்கம் என்றால் உயர்த்துதல், அவ்வளவே. உச்சிக்குக் கொண்டுபோனதாக அந்தச் சொல் எங்கும் சொல்லவில்லை. தம்பியின் மறுப்பு இதில் தீர்கிறது என்று நினைக்கிறேன்.

கொளுவு என்பதும் பழைய சொல். புறநானூறு 215-இல் கோப்பெருஞ்சோழன் "வேளை வெண்பூ வெண்தயிர்க் கொளீஇ" என்கிறான். கொளீஇ என்பது கொளுவி என்பதன் அளபெடை வடிவம். வேளைப்பூவைத் தயிரில் சேர்த்துப் பிடிக்கவைப்பது. யாழ்ப்பாணம் காத்துவைத்த சொல்லைத் தமிழ்நாடு தொலைத்துவிட்டதில் எனக்கு வருத்தம் உண்டு.

---

பொதி எழுதியது:

வேளைக்கீரையில் போய் நிற்கிறோம். வெள்ளிக்கு மூன்று நாள் இருக்கிறது.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். இணைப்பி என்ற சொல்லை மாற்ற வேண்டாம். அது வந்துவிட்டது, நின்றுவிட்டது. நின்றுபோன சொல்லைப் பிடுங்கி அதைவிட நல்லதை நடுவதால் படிக்கிறவருக்கு ஒரு நன்மையும் இல்லை. பழைய கட்டுரைகளும் புதிய கட்டுரைகளும் ஒன்றையொன்று அறியாமல் போவதுதான் மிச்சம்.

---

செம்பனை எழுதியது:

வணக்கம். மலேசியாவிலிருந்து எழுதுகிறேன். பொதி அவர்கள் சொன்னதற்கு மறுப்பு. நின்றுபோனதை எல்லாம் விட்டுவிடுவது என்றால் தொகுப்பி என்ற பிழையும் நிலைத்துவிடும். தொகுப்பது என்றால் பலவற்றை ஒன்றாகச் சேர்ப்பது. எட்டுத்தொகை என்கிறோம். நிரலைத் தொகுக்கிற கருவி உண்மையில் இணைப்பிதான். தொகுப்பி என்று நாம் சொல்கிற கருவி செய்வது மொழிபெயர்ப்பு. ஆங்கிலச் சொல்லின் வேரைப் பெயர்த்தார்கள், கருவியின் வேலையைப் பார்க்கவில்லை. இந்தக் கையேடு புதிய மாணவர்களுக்கு என்பதால் இங்கேயே திருத்தலாம். நிரல்பெயர்ப்பி என்று வைத்தால் என்ன?

இயக்கநேரம் என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே சொல் நிரல் ஓடுகிற கட்டத்தையும், அது ஓட எடுத்துக்கொள்ளும் கால அளவையும், ஓடுவதற்குத் துணைநிற்கும் நூலகத்தையும் குறிக்கிறது. கடற்காகம் அவர்கள் இயக்கச்சூழல் என்று எழுதியிருப்பது நன்று. சிபைத்தானை அப்படியே சொல்லலாம்.

---

நெசவு எழுதியது:

செம்பனை அண்ணா, தொகுப்பி பற்றி நீங்கள் சொல்வது சரி. எல்டிஓ-வை விளக்கும்போது அந்தப் பெயர் உண்மையிலேயே குழப்புகிறது, "தொகுப்பி தொகுக்காது, இணைப்பி தொகுக்கும்" என்று எழுத வேண்டியிருக்கிறது. ஆனாலும் இந்தக் கையேட்டில் அதை மாற்ற மாட்டேன். மற்ற எல்லாப் பாடங்களிலும் மாணவர்கள் தொகுப்பி என்றுதான் படித்திருக்கிறார்கள். இயக்கச்சூழலை எடுத்துக்கொள்கிறேன்.

புறநடை ஐயாவின் தொல்காப்பிய மேற்கோளுக்கு மிக்க நன்றி. உகப்பாக்கம் உள்ளே வந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன். கடற்காகம் சொன்ன "ஒருங்கு" எனக்கும் பிடித்தது, ஆனால் முழுநிரல் உகப்பாக்கம் என்று இன்னொரு கருத்து தனியாக இருக்கிறது. அதோடு எல்எல்விஎம் 3.9-இல் (2016) வந்த மெல்லிய எல்டிஓ (தின்எல்டிஓ) எல்லாவற்றையும் ஒரே நினைவகத்தில் ஒருங்கே வைத்துப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோப்பின் சுருக்கத்தையும் சேர்த்துப் பார்த்து, எங்கிருந்து எதை எடுக்கலாம் என்று முடிவுசெய்துவிட்டு, கோப்புகளை இணையாகத் தனித்தனியே செய்கிறது. சிபைத்தான் 3.12 முதல் கிளாங்கில் அதுதான் இயல்பு. அதை "மெல்லிய ஒருங்கு மேம்பாடு" என்றால் தனக்குத்தானே முரண்படும்.

இனி "நேரம்" மட்டும்தான். அதை மாற்ற வேண்டும் என்பதில் யாருக்கும் மறுப்பு உண்டா?

---

கரும்பலகை எழுதியது:

மறுப்பு இல்லை. நேரத்தில் உள்ள குழப்பம் இதுதான்: "இணைப்பு நேரம் கூடிவிட்டது" என்றால் அளவு, "இணைப்பு நேரத்தில் நடக்கிறது" என்றால் கட்டம். இரண்டும் நல்ல தமிழ். உகப்பாக்கத்துக்கு முன்னால் அடைமொழியாக வரும்போது படிக்கிறவர் மனம் அளவுக்குப் போய்விடுகிறது, ஏனென்றால் உகப்பாக்குவதற்கு உரியது அளவுதான். நேர உகப்பாக்கம், இட உகப்பாக்கம் என்றெல்லாம் அல்காரிதப் பாடத்தில் ஏற்கெனவே படித்துவிட்டு வருகிறார்கள்.

வேளை என்று வைத்துப் பாருங்கள். வேளை கூடாது, குறையாது, வரும், போகும். "இணைப்புவேளை உகப்பாக்கம்" என்று பலகையில் எழுதி, ஒரு சொல்கூட விளக்காமல், என்னவாக இருக்கும் என்று கேட்டேன். இணைக்கும்போது செய்வது என்று முதல் வரிசையிலிருந்தே பதில் வந்தது. தொகுப்புவேளை, இணைப்புவேளை, இயக்கவேளை என்று வரிசையும் அமைகிறது.

---

செம்பனை எழுதியது:

வேளையை ஏற்க முடியாது. சென்னைப் பல்கலைக்கழகப் பேரகராதி அதை வேலா என்ற வடசொல்லின் வழியாகக் காட்டுகிறது. நேரம் தமிழ், பொழுது தமிழ். தமிழ்ச் சொல் கையில் இருக்கும்போது கடன் எதற்கு? முதற்பொருளே நிலமும் பொழுதும்தான். பெரும்பொழுது ஆறு, சிறுபொழுது ஆறு என்று காலத்தைக் கட்டங்களாகப் பிரிக்க நம் முன்னோர் வைத்த சொல் பொழுது. இணைபொழுது உகப்பாக்கம் என்று வையுங்கள்.

---

பொதி எழுதியது:

மூன்று வேளைச் சாப்பாடு, நல்ல வேளை தப்பினேன், அந்த வேளை பார்த்து வந்தான். இதெல்லாம் தமிழ் இல்லை என்றால் என் பாட்டி பேசியது எந்த மொழி? அகராதியில் வேர் எங்கே போகிறது என்பது அகராதிக்காரர் வேலை. வேலா என்பதில் லகரம், வேளை என்பதில் ளகரம். வந்து எத்தனை நூற்றாண்டு ஆனதோ, வாயில் புரண்டு நம் சொல்லாகிவிட்டது.

எனக்கு எல்டிஓ போதும் என்பதில் மாற்றம் இல்லை. ஆனால் தமிழ்ப்பெயர் வைத்தே ஆக வேண்டும் என்றால் வேளைக்கு என் வாக்கு.

நெசவு, கையேட்டில் இன்னும் மூன்று சேருங்கள். தொகுக்கும்போதும் இணைக்கும்போதும் அதே உகப்பாக்கக் கொடிகள் போக வேண்டும். சிபைத்தானைக் கட்டிய எல்டிஓ கொடிகள், பின்னால் கட்டுகிற விரிவுக்கூறுகளுக்கும் ஒட்டிக்கொண்டு போகக்கூடாது. நோடிஸ்ட் என்று முடியும் மாறிகள் அதற்குத்தான். எல்டிஓ-ராப்பர் தோற்றது என்று மட்டும் சொல்லிவிட்டுக் கட்டல் நின்றால், நிரலைக் குறைசொல்லும் முன்பு நினைவகத்தைப் பாருங்கள். பல கூறுகளை ஒரே நேரத்தில் செய்யச் சொல்லியிருந்தால் கர்னல் நடுவிலேயே கொன்றுவிடும்.

---

கடற்காகம் எழுதியது:

இணைபொழுது எனக்கு வேறு மாதிரி ஒலிக்கிறது. இணைகோடு என்றால் பக்கத்தில் பக்கத்தில் ஓடுகிற கோடு. இணைபொழுது என்றால் ஒரே பொழுதில் நடப்பவை என்று எடுப்பார்கள். மெல்லிய எல்டிஓ இணையாகவும் ஓடுவதால் அந்தப் பிழையான பொருள் பொருந்தியும் விடும். பிழை பொருந்திவிட்டால் பிறகு திருத்துவது கடினம். பொழுதுதான் வேண்டும் என்றால் "இணைப்புப்பொழுது" என்று நீட்ட வேண்டும்.

உகப்பே உயர்தல் என்று புறநடை ஐயா காட்டிய பிறகு உகப்பாக்கத்துக்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. வேளைக்கு நானும் சம்மதம்.

சிக்கலைத் தேடுகிற பகுதிக்கு: ஜிசிசியில் எல்டிஓ ஓ-கோப்புகளையும் சாதாரண ஓ-கோப்புகளையும் கலந்து இணைக்கலாம். அதனால் பாதிக் கோப்புகளுக்கு எல்டிஓ-வை அணைத்துக் கட்டுங்கள். பிழை போனால் அது அந்தப் பாதியில், போகாவிட்டால் மற்றப் பாதியில். இப்படியே பாதி பாதியாக ஒரு கோப்புக்கு வந்துவிடலாம். கோப்பின் தலையில் நேரடியாக அசெம்பிளி எழுதியிருந்தால் எல்டிஓ நிரலைக் கூறுபோடுவதை நிறுத்தி ஒருமுறை கட்டிப் பாருங்கள். அசெம்பிளி ஒரு கூறிலும் அது தேடுகிற பெயர் இன்னொரு கூறிலும் போயிருக்கும். பெயர்ப்பதிப்புகளை (ஒரே பெயரின் வெவ்வேறு பதிப்புகள்) அப்படி அசெம்பிளியில் எழுதிய நூலகங்கள் இதில் அடிபட்டதால்தான் ஜிசிசி 10-இல் சிம்வெர் பண்பு வந்தது. ஒரு கோப்பில் ஒரு வகையாக அறிவித்து இன்னொரு கோப்பில் வேறு வகையாக எழுதிய செயற்கூறுகளைப் பற்றி எல்டிஓ எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையை அணைக்கச் சொல்லாதீர்கள். பிழை எல்டிஓ-வுக்கு முன்பும் அங்கேதான் இருந்தது.

---

புறநடை எழுதியது:

செம்பனை அவர்களுக்குத் துணையாக ஒன்று. பொழுது மருவிப் போது ஆயிற்று. "இணைக்கும்போது" என்று நாள்தோறும் சொல்கிறோமே, அதில் இருப்பது பொழுதுதான். கரும்பலகை ஐயாவின் மாணவர்கள் சொன்ன பதிலிலேயே அது இருக்கிறது. "இணைபோது உகப்பாக்கம்" என்றால் தூய்மைக்குத் தூய்மை, பேச்சுக்குப் பேச்சு. வேளையின் மேல் எனக்குப் பகை இல்லை. சங்கப் பாட்டில் வரும் வேளை செடி. பொழுதைக் குறிக்கும் வேளை பின்னால் வந்தது என்பதை மட்டும் பதிவுசெய்கிறேன்.

---

கரும்பலகை எழுதியது:

இணைபோது நன்றாக இருக்கிறது, ஐயா. ஆனால் போது தனித்து நிற்காது. பெயரெச்சத்தின் பின்னால்தான் நிற்கிறது: இணைக்கும்போது, இயங்கும்போது. "இணைபோதில்", "இயக்கபோதில்" என்று வரிசை பிடித்தால் மாணவருக்கு அந்நியமாகிவிடும். மொட்டு என்று பொருள் வரும் போதும் கூடவே வந்து நிற்கும்.

---

நெசவு எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. பிற்பகலில் அனுப்ப வேண்டும் என்பதால் இதுவரை வந்ததை எண்ணிப் பார்த்தேன். வேளைக்குக் கரும்பலகை, பொதி, கடற்காகம், நான். பொழுதுக்குச் செம்பனை. போதுக்குப் புறநடை ஐயா.

தலைப்பு "எல்டிஓ: இணைப்புவேளை உகப்பாக்கம்" என்று போகிறது. உள்ளே முதலில் வருமிடத்தில் இரண்டும், பிறகு பெரும்பாலும் எல்டிஓ. கட்டளைகளுக்குப் பக்கத்தில் எல்டிஓ இருந்தால்தான் மாணவர் தேட முடியும் என்று பொதி சொன்னதை மறுக்க முடியவில்லை. விளக்கப் பத்தியில் பேரூரும் பைங்கூழும் இடம்பெறுகின்றன. அழைத்த இடத்தில் உடலை விரிப்பதை "உள்விரித்தல்" என்றே எழுதியிருக்கிறேன். அந்த இரண்டுக்கும் புறநடை ஐயாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

பெயரட்டவணையில் வருவதைக் குறியீடு என்று எழுதினால் நிரல்குறியீட்டோடு கலக்கிறது. இப்போதைக்குப் "பெயர்" என்றே விட்டிருக்கிறேன்.

---

செம்பனை எழுதியது:

முடிவை ஏற்கிறேன், உடன்படவில்லை. என் பள்ளியில் இணைப்புப்பொழுது என்றே கற்பிப்பேன். நீட்டிச் சொல்ல வேண்டும் என்று கடற்காகம் அவர்கள் சொன்னது சரி.

---

பொதி எழுதியது:

அச்சுக்குப் போகும் முன் ஒன்று. சிபைத்தான் 3.12 முதல் போல்ட்டையும் கட்டல் விருப்பமாகச் சோதனை அளவில் வைத்திருக்கிறார்கள். எல்டிஓ முடிந்து, இணைப்பு முடிந்து, கைக்கு வந்த இயங்குகோப்பையே எடுத்து, எந்தப் பகுதி அதிகம் ஓடுகிறது என்று அளந்து, அதன்படி உள்ளே இடம்மாற்றி அடுக்குகிறது. கையேட்டின் கடைசிப் பக்கத்தில் அது வருகிறது. அங்கே "பின்னிணைப்பு உகப்பாக்கம்" என்று வரைவில் பார்த்தேன். பின்னிணைப்பு என்றால் நூலின் கடைசியில் சேர்க்கிற பக்கங்கள். அது கூடாது.

---

புறநடை எழுதியது:

இணைந்தபின் உகப்பாக்கம்?

---

கரும்பலகை எழுதியது:

வரிசை உடைகிறது, ஐயா. தொகுப்புவேளை, இணைப்புவேளை, இயக்கவேளை எல்லாம் பெயர். இணைந்தபின் என்பது வினையெச்சம். "இணைப்புக்குப் பிந்தைய" என்று எழுதிவிட்டு அனுப்புங்கள் நெசவு, அடுத்த பதிப்பில் பார்க்கலாம்.

---

கடற்காகம் எழுதியது:

அடுத்த பதிப்பு வரை காத்திருந்தால் அதுவே நின்றுவிடும் என்று பொதி சொல்வார். பிந்தைய என்பதிலும் எனக்கு ஐயம் இருக்கிறது. இதற்குத் தனியாக ஓர் இழை தொடங்குகிறேன்.